ரெக்கார்ட் பிளேயர் ஓட்டத்தில் ஆடும் மரப்பொம்மை: முழுமையான வழிகாட்டி

இசைத்தட்டு பாடிக்கொண்டிருக்கும். அதன் நடுவில் வைத்த ஒரு வளையம் நீளமான குச்சி ஒன்றை ஏற்றி இறக்கும். பிளேயருக்கு இடப்பக்கம் நிற்கும் மரப்பொம்மை அதற்கேற்ப முழங்காலை மடக்கி ஆடும். இதைச் செய்யும் முறைதான் கீழே இருக்கிறது.

புதிதாக இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் பொம்மையை முதலில் செய்துவிடுகிறார்கள். அழகாக வண்ணம் பூசி, கை கால் மாட்டி, கடைசியில் பிளேயரின் மேல் ஏற்றிப் பார்த்தால் தட்டு தள்ளாடும், பாட்டு இழுக்கும். பிளேயர் ஒரு தட்டையும் 2 கிராம் அழுத்தும் ஊசியையும் சீரான வேகத்தில் சுற்றுவதற்கென்று செய்யப்பட்டது. அதனிடம் அசைவை வாங்கிக்கொள்ளலாம், பாரத்தை ஏற்றக் கூடாது. பொம்மை, பலகை, கம்பம் எல்லாம் வெளியே தனியாக நிற்க வேண்டும். தட்டைத் தொடுவது 100 கிராமுக்கு மேற்படாத ஒரு வளையமும், அதன் மேல் உருளும் ஒரு சின்னச் சக்கரமும் மட்டுமே. அதனால்தான் இந்த வழிகாட்டியில் பொம்மை ஏழாவது கட்டத்தில் வருகிறது.

1. உங்கள் பிளேயர் இதற்கு ஒத்துவருமா?

டைரக்ட் டிரைவ் பிளேயர் (மோட்டாரே தட்டை நேரடியாகச் சுற்றுவது) என்றால் கவலையில்லை. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 பிளேயரின் தொடக்க முறுக்குவிசை 1.5 கிலோகிராம்-செ.மீ.; நம் பொம்மை கேட்பது அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. பெல்ட் டிரைவும் (ரப்பர் பெல்ட் வழியாகத் தட்டைச் சுற்றுவது) ஆகும், ஆனால் பெல்ட் புதியதாக இருக்க வேண்டும். தளர்ந்த பெல்ட் வெறும் தட்டைச் சுற்றும்போது ஒழுங்காகத்தான் இருக்கும். சுமை சேர்ந்ததும் வழுக்கும்.

சூட்கேஸ் வகைப் பிளேயர்களில் (பெட்டிபோல் மூடித் தூக்கிச் செல்பவை) இசைத்தட்டைத் தாங்கிச் சுழலும் தட்டு சிறியது, எடையும் குறைவு, மோட்டாரும் சிறியது. கனமான தட்டுக்குத் தன் வேகத்தைத் தானே காத்துக்கொள்ளும் குணம் உண்டு. சூட்கேஸ் பிளேயரிடம் அது இல்லை. அதில் செய்வதானால் 6-வது கட்டத்தில் சூட்கேஸ் பிளேயருக்கென்று சொல்லும் குறைந்த அழுத்தத்தையே வையுங்கள்.

தட்டுகளை அடுக்கி வைத்து ஒவ்வொன்றாக விழச் செய்யும் ஆட்டோ சேஞ்சர்களின் நீண்ட ஸ்பிண்டில் (தட்டின் நடுத்துளையில் நுழையும் அச்சு) இதற்கு உதவாது. குட்டை ஸ்பிண்டில் மாற்றிப் போட முடிந்தால் மட்டும் தொடருங்கள்.

சாவி கொடுக்கும் கிராமபோனில் இந்த அளவுகளை அப்படியே பயன்படுத்த வேண்டாம். அதன் சவுண்ட்பாக்ஸ் (ஊசி பொருத்திய, ஒலியெழுப்பும் தலைப்பகுதி) பெரியது, வளையத்தில் இடிக்கும். 1910-களில் அமெரிக்காவில் கிராமபோன் தட்டின் மேலேயே வைக்கும் ஆட்டப் பொம்மைகள் விற்றன. அவற்றின் படங்களைப் பார்த்து அப்படியே செய்ய நினைப்பவர்கள் உண்டு. அவை 78 வேகத்துக்கும் (நிமிடத்துக்கு 78 சுற்று) வலுவான ஸ்பிரிங் மோட்டாருக்கும் ஆனவை. உருவங்களில் பலவும் கறுப்பின மக்களைக் கேலி செய்பவை. அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது இயங்கும் விதம் ஒன்றுதான்.

கையில் உள்ள பிளேயரை இப்படிச் சோதியுங்கள். தட்டின் விளிம்பில் ஒரு துண்டு டேப் ஒட்டி, 33⅓ வேகத்தில் ஓடவிட்டு, 3 நிமிடத்தில் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். சரியாக 100 வர வேண்டும். இந்த எண்ணைக் குறித்து வையுங்கள். பொம்மை பூட்டிய பிறகு இதே சோதனையைத் திரும்பச் செய்யும்போது, எவ்வளவு வேகம் குறைந்தது என்பதை இதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

2. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

வளையத்துக்கு 63 மி.மீ. வெளிவிட்டமுள்ள பிவிசி பைப்பில் 4 செ.மீ. துண்டு போதும். பிளம்பிங் வேலை நடக்கும் இடத்தில் கேட்டால் சும்மாவே கிடைக்கும். அடித்தட்டுக்கு 6 மி.மீ. பிளைவுட், அதன் அடியில் ஒட்ட சைக்கிள் டியூப் ரப்பர், எடைக்குச் சில இரும்பு வாஷர்கள்.

நெம்புகோலுக்கு 400 மி.மீ. நீளம், 10 × 6 மி.மீ. கனமுள்ள முடிச்சில்லாத பைன் குச்சி. 623 எண் பேரிங் மூன்று (உள்விட்டம் 3, வெளிவிட்டம் 10, அகலம் 4 மி.மீ.). அவற்றுக்கு எம்3 போல்ட்களும், அச்சுக்கு 3 மி.மீ. கம்பியும். எடை சமன் செய்ய எம்8 நட் ஏழெட்டு. ஒன்று ஏறக்குறைய 5 கிராம் இருக்கும்.

நெம்புகோலின் அச்சைப் பிடிக்கும் தாங்கிக்கு 18 மி.மீ. பிளைவுட்டில் 200 × 150 மி.மீ. அடிப்பலகை, எம்8 முழு மரை போட்ட கம்பி இரண்டு, அடிப்பலகை மேல் பாரமாக வைக்க ஒரு செங்கல். பொம்மைக்கு 4 மி.மீ. பிளைவுட்டும், மூட்டுகளுக்கு 2 மி.மீ. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியும்.

கருவிகளில் தவிர்க்க முடியாதது 0.1 கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு. இது இல்லாமல் கையால் தூக்கிப் பார்த்துச் செய்பவர்கள்தான் கடைசியில் அதிகம் திணறுகிறார்கள்.

கூடவே, போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு பழைய எல்பி தட்டு. லேபிளில் ரப்பர் பட்டுப் பட்டுத் தடம் விழும். நல்ல தட்டை இதற்குக் கொடுக்காதீர்கள்.

3. அறுக்கும் முன் எடுக்க வேண்டிய அளவுகள்

ஊசிக்கு உறை போட்டு, மோட்டாரை அணைத்து, தட்டை வைத்து, டோன் ஆர்மை (ஊசியைத் தாங்கும் நீளமான கையை) லேபிள் வரை கையால் கொண்டுபோங்கள். எல்பியின் கடைசி வளையப் பள்ளம் மையத்திலிருந்து ஏறத்தாழ 53 மி.மீ. தள்ளி இருக்கும். ஊசி அங்கே நிற்கும்போது கார்ட்ரிட்ஜின் (ஊசி பொருத்திய தலைப்பகுதியின்) உட்பக்க விளிம்பு இன்னும் 9, 10 மி.மீ. உள்ளே வந்திருக்கும். ஆக, மையத்திலிருந்து 43 மி.மீ.க்கு அப்பால் நமக்கு இடமில்லை. லேபிள் 100 மி.மீ. அகலம் இருக்கிறதே என்று 95 மி.மீ. வளையம் செய்தால், பாட்டு முழுக்க ஒன்றும் ஆகாது. கடைசி நிமிடத்தில் கார்ட்ரிட்ஜ் போய் மோதும். அடித்தட்டு 70 மி.மீ. விட்டத்தைத் தாண்டக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

7 அங்குலத் தட்டுகளில் ஊசி இன்னும் உள்ளே வரும். அவற்றுக்கு 50 மி.மீ. பைப்பும் அதற்கேற்ற சிறிய அடித்தட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, மையத்திலிருந்து பிளேயரின் இடது விளிம்பு வரை உள்ள தூரம். பெரும்பாலான பிளேயர்களில் 20 செ.மீ.யை ஒட்டி வரும். பிறகு மேசையிலிருந்து இசைத்தட்டின் மேற்பரப்பு வரை உயரம். கடைசியாக, ஸ்பிண்டிலின் விட்டம்: வழக்கமாக 7.2 மி.மீ. அருகில் இருக்கும். துளை 7.5 மி.மீ. போடுங்கள். இறுக்கமாக இருந்தால் வளையத்தைக் கழற்றும்போது தட்டும் சேர்ந்து வரும்.

நெம்புகோல் எப்போதும் இடப்பக்கமிருந்து வர வேண்டும். டோன் ஆர்ம் வலப்பக்கம் பின்மூலையில் இருப்பதால், வேறு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒருநாள் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

4. எத்தனை மேடு?

வளையத்தின் மேல் விளிம்பில் ஏற்ற இறக்கமாக வெட்டப்போகிறோம். ஒவ்வொரு மேடும் ஓர் ஆட்டம். 33⅓ வேகத்தில் 3 மேடு என்றால் நிமிடத்துக்கு 100 ஆட்டம். 4 மேடு 133. 45 வேகத்தில் 2 மேடு 90, 3 மேடு 135. 78-ல் ஒரே மேடு 78, இரண்டு 156. முதல்முறை செய்பவர்கள் 33⅓-க்கு 3 மேடு எடுத்துக்கொள்வது நல்லது. நிமிடத்துக்கு 150-க்கு மேல் போனால் கால் ஆடுவது தெரியாது, நடுக்கம்தான் தெரியும்.

எல்லோரும் விழும் ஒரு பள்ளம் இங்கே இருக்கிறது. பாட்டின் தாளம் நிமிடத்துக்கு 104, பொம்மை 100. பிளேயரில் இருக்கும் பிட்ச் கன்ட்ரோலை (வேகத்தைச் சற்றே கூட்டிக் குறைப்பதை) மாற்றினால் இரண்டும் சேர்ந்துவிடும் என்று மணிக்கணக்கில் முயல்வார்கள். சேராது. பாட்டும் பொம்மையும் ஒரே தட்டில் சுற்றுகின்றன. ஒன்றைக் கூட்டினால் மற்றதும் அதே விகிதத்தில் கூடும். வளையத்துக்கு ஏற்ற பாட்டைத் தேடுவது ஒன்றே வழி. கடிகாரம் வைத்து, தட்டு ஓடும்போது அரை நிமிடத்துக்கு 50 தாள அடி விழும் பாட்டைக் கண்டுபிடியுங்கள்.

மேட்டின் உயரத்துக்கும் வரம்பு உண்டு. ஒரு மேடு விளிம்பில் பிடிக்கும் நீளத்தில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 63 மி.மீ. பைப்பின் வெளிச்சுற்றளவு 198 மி.மீ.; 3 மேட்டுக்கு ஒவ்வொன்றும் 66 மி.மீ. எட்டில் ஒரு பங்கு 8. நாம் 6 மி.மீ. எடுக்கிறோம். இதற்கு மேல் செங்குத்தானால் சக்கரம் ஏறாமல் வளையத்தைத் தடுத்து நிறுத்தப் பார்க்கும்.

5. மேடு வெட்டிய வளையம் (கேம்) செய்தல்

முதலில் பைப்பை 30 மி.மீ. உயரத்துக்கு வெட்டி, கீழ் விளிம்பைத் தட்டையான பரப்பில் வைத்த உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்குங்கள். கீழே சமமில்லாமல் மேலே எவ்வளவு நேர்த்தியாக வெட்டினாலும் பயனில்லை. ஒரு சுற்றுக்கு ஒருமுறை கூடுதலாக ஓர் ஆட்டம் வரும்.

198 × 20 மி.மீ. காகிதப் பட்டையை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 6 மி.மீ. உயரமுள்ள மென்மையான அலை வரையுங்கள். பைப்பைச் சுற்றி ஒட்டிப் பாருங்கள். இரண்டு முனைகளும் படியில்லாமல் சேர வேண்டும். சேரவில்லை என்றால் பைப்பின் சுற்றளவை நூல் வைத்து அளந்து பட்டையைத் திருத்துங்கள். பைப்புக்குப் பைப்பு ஒன்றிரண்டு மி.மீ. வேறுபடும்.

கோட்டுக்கு 1 மி.மீ. மேலே ரம்பத்தால் அறுத்து, மீதியை அரத்தால் இறக்குங்கள். அரத்தை எப்போதும் பைப்பின் மையத்தைப் பார்த்து, படுக்கை மட்டத்தில் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் விளிம்பு உட்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ சரிந்துவிடும், சக்கரம் அந்தப் பக்கமே வழுக்கி இறங்கும். கடைசியில் 400 எண் உப்புத்தாள். இந்த வேலையைப் பிளேயர் இருக்கும் அறையில் செய்யாதீர்கள். பிவிசி தூள் தட்டில் ஒட்டினால் விடாது. மூக்குக்கும் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

பிளைவுட்டில் 70 மி.மீ. வட்டம் வெட்டி, நடுவில் துளையிட்டு, அடியில் டியூப் ரப்பரும் மேலே பைப்பும் ஒட்டுங்கள். பைப் சரியாக நடுவில் உட்கார, ஒட்டும் முன் காம்பஸால் 63 மி.மீ. வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஒட்டியதை எடை போட்டால் 35 கிராமுக்குப் பக்கத்தில் இருக்கும். வளையத்துக்குள் வாஷர்களைத் துளையைச் சுற்றிச் சமமாகப் பரப்பி 90 கிராம் வரை கொண்டுவாருங்கள். எடை குறைவாக இருந்தால் ஒரு பக்கமாக அழுத்தும் சக்கரம் வளையத்தைத் தூக்கிவிடப் பார்க்கும். 100-ஐத் தாண்டினால் ஸ்பிரிங்கில் தொங்கும் பிளேயர்களில் தட்டு தாழும்.

மென்மையான அலைக்குப் பதில், மெதுவாக ஏறிச் சட்டென்று விழும் ரம்பப் பல் வடிவம் போட்டால் ஆட்டம் துள்ளலாக இருக்கும். ஆனால் சக்கரம் விழும் ஒவ்வொரு முறையும் ‘டொக்’ என்ற ஓசை ஊசி வழியாக ஸ்பீக்கரில் கேட்கும். பாட்டோடு ஓட்டுவதானால் அலை வடிவமே மேல். பல் வடிவம்தான் வேண்டும் என்றால் திசையைக் கவனியுங்கள்: தட்டு மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. ஆகவே பட்டையை வெளிப்பக்கம் ஒட்டிப் பார்க்கும்போது, இடமிருந்து வலமாக 50 மி.மீ. மெல்ல ஏறி, அடுத்த 16 மி.மீ.யில் இறங்க வேண்டும். தலைகீழாக வெட்டினால் சக்கரம் செங்குத்துச் சுவரில் முட்டி நிற்கும்.

6. தாங்கி, நெம்புகோல், எடை

ஓட்டம் நன்றாக அமைவதும் அமையாததும் இந்தக் கட்டத்தில்தான் முடிவாகிறது. அவசரப்படாதீர்கள்.

குச்சியின் ஒரு நுனியில் எம்3 போல்ட்டை நீளவாக்கிலேயே முறுக்கி, அதில் பேரிங்கை மாட்டுங்கள். அப்போதுதான் சக்கரத்தின் அச்சு ஸ்பிண்டிலை நோக்கி இருக்கும், சக்கரம் வளையத்தின் ஓட்டத்தோடு உருளும். குச்சியின் பக்கவாட்டில் மாட்டினால் சக்கரம் உருளாது, விளிம்பில் தேய்த்துக்கொண்டே போகும். கீச்சென்ற சத்தம் அதன் அடையாளம். பைன் குச்சி பிளக்காமல் இருக்க 2.5 மி.மீ. துளை போட்டுவிட்டு முறுக்குங்கள்.

சக்கரத்திலிருந்து 220 மி.மீ. தள்ளி அச்சு. சக்கரம் உட்காரும் இடம் மையத்திலிருந்து 30 மி.மீ.; ஆக அச்சு மையத்திலிருந்து 250 மி.மீ. தள்ளி, பிளேயருக்கு வெளியே விழும். குச்சியின் குறுக்கே 3 மி.மீ. கம்பியைச் செருகி, இருபுறமும் பேரிங் வைத்து, தாங்கியில் பூட்டுங்கள். இரண்டு பேரிங்குக்கும் இடையே குறைந்தது 30 மி.மீ. இடைவெளி வேண்டும். வளையம் சுற்றும்போது சக்கரத்தை உங்களிடமிருந்து விலகிப் பின்பக்கமாகத் தள்ளும். பேரிங்குகள் நெருக்கமாக இருந்தால் நெம்புகோல் அந்தப் பக்கம் கோணிக்கொள்ளும்.

தாங்கியின் கம்பிகளில் நட்டுகளைத் திருகி அச்சின் உயரத்தைச் சரிசெய்யலாம். சக்கரம் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே நிற்கும்போது குச்சி மட்டமாக இருக்க வேண்டும். அடிப்பலகையின் மேல் செங்கலை ஏற்றி வையுங்கள். முடிந்தால் தாங்கியைப் பிளேயர் இருக்கும் மேசையிலேயே வைக்காமல் பக்கத்தில் வேறு ஸ்டூலில் வையுங்கள். ஒரே மேசை என்றால் அடியில் தடித்த ஃபோம் போடுங்கள், இல்லாவிட்டால் பொம்மையின் காலடி ஓசை ஊசிக்குப் போய்ச் சேரும்.

அச்சுக்கு மறுபக்கம் 150 மி.மீ. தூரத்தில் 70 × 60 மி.மீ. அளவுள்ள 3 மி.மீ. பிளைவுட் பலகையை ஒட்டுங்கள். இதுதான் பொம்மையின் மேடை. சக்கரம் 6 மி.மீ. ஏறி இறங்கினால் மேடை 4 மி.மீ. அசையும். ரொம்பக் குறைவாகத் தோன்றும். போதும் என்பது பொம்மை செய்யும்போது விளங்கும்.

இனி எடை. மேடையின் மேல் 5 கிராம் வையுங்கள், இது பொம்மைக் கால்களின் பாரத்துக்குப் பதிலாக. சக்கரத்தின் கீழே தராசை அதே உயரத்தில் வைத்துப் பாருங்கள். டைரக்ட் டிரைவுக்கு 15 கிராம், பெல்ட் டிரைவுக்கு 10 முதல் 12, சூட்கேஸ் பிளேயருக்கு 6 காட்ட வேண்டும். தொடக்கத்தில் சக்கரம் தராசைத் தொடாமல் மேலேயே நிற்கும். சக்கரப் பக்கக் குச்சியில் எம்8 நட்டுகளை மாட்டிக்கொண்டே வாருங்கள்.

நட்டுகளை எங்கே மாட்டுவது? சக்கரத்துக்குப் பக்கத்தில் மாட்டினால் இரண்டு மூன்றிலேயே எடை வந்துவிடும், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் நுனியில் எடை ஏறினால் நெம்புகோல் மந்தமாகிவிடும்; பள்ளத்தில் வேகமாக இறங்காது. அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவில், 110 மி.மீ. தூரத்தில் ஐந்து முதல் ஏழு நட் மாட்டுங்கள். எடை கூடினாலும் நெம்புகோல் சுறுசுறுப்பாக இருக்கும்.

பொம்மை இல்லாமலே இப்போது ஓட்டிப் பாருங்கள். சக்கரம் வளையத்தை விட்டு எழும்பாமல் சுற்ற வேண்டும். 3 நிமிடச் சுற்றை மறுபடி எண்ணுங்கள். 100-க்கு 99 வந்தால் பரவாயில்லை, பாட்டின் சுருதி அரைச் சுரத்தில் ஆறில் ஒரு பங்குதான் இறங்கியிருக்கும். 98-க்குக் கீழே போனால் அழுத்தத்தைக் குறையுங்கள். இது சரியாகாமல் பொம்மைக்குப் போகாதீர்கள்.

7. பொம்மை

தொடை 40, கீழ்க்கால் 40 மி.மீ. (மூட்டிலிருந்து மூட்டு, மூட்டிலிருந்து பாதம்). உடல், தலை சேர்த்து மொத்த உயரம் 160 மி.மீ. வரட்டும். உடலை மேடைக்குப் பின்னால் நிற்கும் தனிக் கம்பத்திலிருந்து வரும் 3 மி.மீ. கம்பி பிடித்திருக்கும். உடல் அசையாது, கால்களும் கைகளும்தான் ஆடும். அதனால் உடல் எவ்வளவு கனமாக இருந்தாலும் பிளேயருக்குத் தெரியாது. தலைப்பாகை, பாவாடை, மணி என்று என்ன வேண்டுமானாலும் சேர்க்கலாம். கால்கள் இரண்டும் சேர்ந்து 10 கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் சரி.

மூட்டுத் துளை 2.5 மி.மீ., உள்ளே 2 மி.மீ. ஸ்போக்ஸ் கம்பி, இருபுறமும் அரை மி.மீ. இடம். காலைத் தூக்கி விட்டால் தானாக விழுந்து இரண்டு மூன்று முறை ஊசலாட வேண்டும். ஒரே ஊசலில் நின்றால் மூட்டு இறுக்கம். எண்ணெய் போட வேண்டாம். மரம் ஊறி இன்னும் இறுகும். பென்சில் கரியைத் தேய்த்தால் போதும். மூட்டில் வண்ணம் படக் கூடாது.

முழங்காலைப் பற்றி ஒன்று. 80 மி.மீ. காலை 4 மி.மீ. மேலே தள்ளினால் தொடை 18 டிகிரி முன்னே போகும், முழங்கால் 36 டிகிரி மடங்கும். சின்ன அசைவு போதும் என்றது இதனால். ஆனால் கால் முழுக்க நேராக நின்றால், மேடை மேலே வரும்போது கால் எந்தப் பக்கம் மடங்குவது என்று தெரியாமல் கம்பு மாதிரி நின்றுவிடும். நெம்புகோல் அங்கேயே தடைபட்டு, சக்கரம் பள்ளத்தில் இறங்காமல் மேட்டுக்கு மேடு தாவும். இதைத் தவிர்க்க, கீழ்க்காலின் மேல்நுனியில் முன்பக்கம் சிறு திட்டு விட்டு வெட்டுங்கள். கால் நேராவதற்கு 10 டிகிரி முன்பே அது தொடையில் முட்டி நிற்கும். முழங்கால் எப்போதும் சற்று மடங்கியே தொங்கும், முன்பக்கம் மட்டுமே வளையும்.

இரண்டு காலும் ஒரே மாதிரி ஆடினால் பொம்மை உட்கார்ந்து எழுவது போலத் தெரியும். ஒரு பாதத்தின் அடியில் 1 மி.மீ. அட்டை ஒட்டுங்கள். அந்தக் கால் முன்னதாக மடங்கத் தொடங்கும், நடை போன்ற ஒரு குழப்பம் வரும். ஆட்டத்துக்கு உயிர் கொடுப்பது அந்த 1 மி.மீ.தான்.

கம்பத்தில் பொம்மையைப் பூட்டும் உயரம்: மேடை மிகத் தாழ்ந்திருக்கும்போது நீளமான காலின் பாதத்துக்கும் மேடைக்கும் இடையே ஒரு காகிதம் நுழைய வேண்டும். கீழே பூட்டினால் பொம்மையின் கால் எப்போதும் மேடையை அழுத்தி, 6-வது கட்டத்தில் வைத்த எடைக்கணக்கைக் கெடுக்கும்.

8. ஓட்டும் வரிசை

நெம்புகோலைத் தூக்கி மாட்டி வைக்கத் தாங்கியில் ஒரு கொக்கி வேண்டும். அதில் மாட்டியபடியே தட்டை வையுங்கள், வளையத்தைப் போடுங்கள், மோட்டாரை ஓடவிடுங்கள். வேகம் நிலைத்த பிறகு சக்கரத்தை மெதுவாக இறக்குங்கள். ஊசி கடைசி. சுமையோடு மோட்டாரைத் தொடங்கினால் பெல்ட் வழுக்கும். ஊசியை வைத்துவிட்டு நெம்புகோலைத் தொட்டால் கை நடுக்கம் ஊசியைத் தாவ வைக்கும்.

பாட்டும் பொம்மையும் ஒரே வேகத்தில் இருந்தும் அடி தள்ளி விழுந்தால், ஊசியையும் சக்கரத்தையும் தூக்கி, தட்டை நிறுத்தி, வளையத்தை மட்டும் லேபிளின் மேல் கொஞ்சம் திருப்பி வையுங்கள். ரப்பர் பிடிமானம் மட்டுமே இருப்பதால் எந்தக் கோணத்திலும் நிற்கும். லேபிளில் பென்சிலால் குறியிட்டுக்கொண்டால் அடுத்தமுறை தேட வேண்டாம்.

சில பிளேயர்களில் ஆர்மை நகர்த்தினால்தான் தட்டு சுற்றும். அவற்றில் ஆர்மை லிஃப்ட் நெம்பால் தூக்கிய நிலையில் தட்டின் மேல் கொண்டுவந்து நிறுத்தி, சக்கரத்தை இறக்கி, பிறகு ஊசியை இறக்குங்கள்.

9. கோளாறும் காரணமும்

ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் பாட்டு நெளிகிறதென்றால், ஒரு மேடு மற்றவற்றைவிட உயரம். பென்சிலை ஓர் உயரத்தில் அசையாமல் பிடித்து வளையத்தைச் சுற்றினால் கோடு எங்கே தவறுகிறது என்று தெரியும்.

ஒவ்வொரு மேட்டிலும் நெளிந்தால் அழுத்தம் அதிகம், அல்லது பெல்ட் தளர்ந்திருக்கிறது. நட் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் பெல்ட்தான்.

சக்கரம் பள்ளத்தில் தொடாமல் பறந்தால் நெம்புகோல் மந்தம், அல்லது வேகம் அதிகம். 33⅓-ல் விளிம்பு நொடிக்கு 11 செ.மீ. ஓடுகிறது, 78-ல் 26 செ.மீ. மெதுவான வேகத்துக்கு வெட்டிய வளையம் வேகமான ஓட்டத்துக்குச் சரிவராது. 78-க்கு ஒரே மேட்டோடு புதிதாக வெட்டுங்கள்.

ஸ்பீக்கரில் உறுமல் கேட்டால் பேரிங்கின் இரும்பு பிவிசியில் உருளும் ஓசை அது. பேரிங்கின் மேல் ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கும்) குழாய்த் துண்டைச் சுருக்கி மாட்டினால் பெருமளவு அடங்கும். உறுமல் இல்லை, தாளத்தோடு தட்டும் ஓசைதான் என்றால் அது பாதத்திலிருந்து வருகிறது. மேடையில் மெல்லிய ஃபெல்ட் துணி ஒட்டுங்கள்.

வளையம் மெல்ல மெல்லப் பின்தங்கினால் ரப்பரில் தூசி. ஈரத்துணியால் துடையுங்கள்.

நிறுத்தும்போது வரிசை தலைகீழ்: முதலில் ஊசி, அடுத்து நெம்புகோல் கொக்கிக்கு, கடைசியில் மோட்டார். சக்கரம் வளையத்தின் மேல் இருக்கும்போது தட்டைக் கையால் பின்னோக்கித் திருப்ப வேண்டாம். பல் வடிவ வளையத்தில் சக்கரம் செங்குத்துப் பக்கத்தில் சிக்கி, நெம்புகோல் முன்பக்கமாகக் கோணி, அச்சுக் கம்பி வளைந்துவிடும்.